சட்டங்களுக்குப் பெயரும் எண்ணும் வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள், சட்டமியற்றும் துறை,
சட்டம் மற்றும் நீதி அமைச்சகம், புது டெல்லி.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் சொல்லச் சொல்ல ஜாமீன் மனு, ஜீவனாம்ச மனு, நகல் மனு என்று அடித்துக் கொடுப்பதுதான் தொழில். நாடாளுமன்றத்தில் எவ்வளவு பேசினாலும் கடைசியில் சட்டம் என் மேஜைக்கு வந்து சேர்வது ஒரு பெயராகவும் ஓர் எண்ணாகவும்தான். அந்தப் பெயரையும் எண்ணையும் நீங்கள் வைக்கிற விதத்தால் இங்கே என்னென்ன நடக்கிறது என்பதை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

2024 ஜூலை 1 அன்று மூன்று பழைய சட்டங்கள் போய் மூன்று புதிய சட்டங்கள் வந்தன. இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.). சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவர நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். பெயரைவிட அதுதான் அதிகம் படுத்துகிறது.

கணவர் விட்டுவிட்டுப் போன ஒரு பெண், ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட வந்திருந்தார். வக்கீல் சொன்னபடி தலைப்பில் ‘பிரிவு 144-ன் கீழ் மனு’ என்று அடித்து, கையெழுத்துக்கு நீட்டினேன். எண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அக்கா, 144-ன்னா நாலு பேர் கூடக் கூடாதுன்னு கலவரத்தப்போ போடறதுதானே? நான் எம்புள்ளைங்க சோத்துக்குக் காசு கேக்கறேன். இதுல எதுக்கு 144?” கூட வந்த தம்பி, “தப்பா அடிச்சிட்டாங்க போல, விடுக்கா, வேற அடிக்கச் சொல்லுவோம்” என்றார். தப்பாக அடிக்கவில்லை. பழைய சட்டத்தில் 125-ஆக இருந்த ஜீவனாம்சம் இப்போது 144. பழைய 144 தடை உத்தரவு இப்போது 163. டிவியில் இன்றைக்கும் ‘144 தடை உத்தரவு’ என்றுதான் ஓடுகிறது. அந்தப் பெண் கடைசியில் கையெழுத்துப் போட்டார், வக்கீல் வந்து இரண்டு தடவை விளக்கிய பிறகு. வக்கீலுக்குக் கொடுக்கவே கடன் வாங்கி வந்தவர், தன் மனு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று நம்பிப் படிக்க முடியாத நிலைமையில் கையெழுத்துப் போட்டார்.

420-ஐக்கூட விட்டுவிடலாம். புதிய தண்டனைச் சட்டம் 358 பிரிவோடு முடிந்துவிடுவதால் அப்படி ஓர் எண்ணே இல்லை. ஏமாற்றுவது 318(4)-க்குப் போய்விட்டது. ‘சரியான ஃபோர் ட்வென்டி’ என்று திட்டுவதற்கு இனிமேல் சட்டத்தில் ஆதாரமில்லை, அவ்வளவுதான். யாரும் யாரையும் 318(4) என்று திட்டப் போவதில்லை. எண் காணாமல் போனால் அதைக் கேட்பவருக்குச் சந்தேகமாவது வரும், நான்கு பேரிடம் விசாரிப்பார். இருந்த எண்ணை எடுத்து வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டால் சந்தேகமே வராது.

302 என்றால் கொலை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது கொலைக்கான தண்டனை 103-ல் இருக்கிறது. புதிய சட்டத்தின் 302 என்னவென்றால், ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. பழைய 304 கொலையாகாத மரணம் விளைவித்தல். புதிய 304 பறிப்பு, அதாவது செயின் பறிப்பு, செல்போன் பறிப்பு வகையறா. பழைய 307 கொலை முயற்சி. புதிய 307, ஆளைக் கொல்லவோ காயப்படுத்தவோ தயாராக வந்து திருடுவது. ஒரு வீட்டுக்கு வெறும் எண்ணை மட்டும் போட்டு ஒரு தாள் போகிறது என்று வையுங்கள். அந்த வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் இருக்குமா?

482 இன்னும் மோசம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்; ‘குவாஷ்’ போடுவது என்பார்கள், வழக்கையே ரத்து செய்யக் கேட்பது. அது இப்போது 528. காலியான 482-ல் முன்ஜாமீனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். முன்ஜாமீன் அதற்கு முன் 438-ஆக இருந்தது. ஒருவருடைய அண்ணன் துபாயிலிருந்து வக்கீலுக்கு போன் செய்து, “482 போட்டாச்சுன்னு சொன்னீங்களே, அப்ப கேஸ் முடிஞ்சிடும்ல?” என்று கேட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து நானே கேட்டேன். அவர் கூகுளில் தேடிப் பார்த்திருக்கிறார். நேற்றுவரை வந்த தீர்ப்புகள் எல்லாம் 482-ஐ ரத்து மனுவாகத்தானே சொல்கின்றன? முன்ஜாமீன் கேட்பதற்கும் வழக்கு ரத்தாவதற்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்குப் புரியவைக்க வக்கீலுக்கு அரை மணி நேரம் ஆனது.

இது கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொல்வீர்கள். பழகாது, காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். அந்த வழக்கில் இன்றைக்கு முன்ஜாமீன் கேட்டால் மனு புதிய நடைமுறைச் சட்டத்தில். ஒரே தாளில் மேலே ‘இ.த.ச. 420’ என்றும் கீழே ‘பி.என்.எஸ்.எஸ். 482’ என்றும் அடிக்கிறேன். எங்கள் ஊர் வழக்குகள் எவ்வளவு காலம் இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. அப்பீல் எல்லாம் முடிவதற்குள் இரண்டு தலைமுறை எண்ணும் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். பிடிபட்டவர் சொன்னதை வைத்துப் பொருளைக் கைப்பற்றுவதைப் போலீஸ்காரர்களே இன்னமும் ‘27 ரெக்கவரி’ என்றுதான் பேசுகிறார்கள். சாட்சியச் சட்டத்தின் அந்த 27-க்குப் புதிய சட்டத்தில் தனி எண்கூட இல்லை. 23-க்குள் ஒரு நிபந்தனை வாசகமாக அடங்கிவிட்டது.

வேறு வழியில்லை, சட்டத்தை ஒழுங்குபடுத்தினால் எண் மாறத்தான் செய்யும் என்றும் சொல்லலாம். பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களையெல்லாம் ஒரே அத்தியாயத்தில் சேர்த்து முன்னால் கொண்டுவந்திருக்கிறீர்கள். அது நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் துறையின் பழைய வேலையையே எடுத்துப் பாருங்கள். 1898-ன் நடைமுறைச் சட்டத்தை எடுத்துவிட்டு 1973-ல் புதிது கொண்டுவந்தபோது நிறைய மாறின; ஜீவனாம்சமே 488-லிருந்து 125-க்கு வந்தது அப்போதுதான். ஆனாலும் 144 தடை உத்தரவு 144-ஆகவே நின்றது. எஃப்.ஐ.ஆர். 154, போலீஸ் விசாரணை வாக்குமூலம் 161, மாஜிஸ்திரேட் வாக்குமூலம் 164, ரிமாண்ட் 167, குற்றப்பத்திரிகை 173 எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. போலீஸ் ஸ்டேஷனில் தினமும் புழங்குகிற எண்கள் அவை. மறுபடியும் ஒரு முறை அப்படிச் செய்ய என்ன தடை?

இந்திய தண்டனைச் சட்டத்திலும் அதே பொறுமை இருந்தது. 1983-ல் வரதட்சணைக் கொடுமைக்கு 498-க்குப் பின்னால் ஒரு ‘ஏ’ சேர்த்தார்கள், பின்னால் இருந்த எதையும் நகர்த்தவில்லை. 2018-க்குள் 376ஏபி, 376டிஏ, 376டிபி என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டது. அடிக்கும்போது எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் ஊருக்கே தெரிந்த 302-ம் 420-ம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. லஞ்சத்துக்கான 161 முதல் 165ஏ வரையிலான பிரிவுகளை 1988-ன் ஊழல் தடுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டபோது, அந்த எண்கள் அப்படியே காலியாக விடப்பட்டன. தண்டனைச் சட்டம் இருந்த கடைசி நாள் வரை அங்கே வேறு எதுவும் குடிவைக்கப்படவில்லை.

சென்னையில் தெருவுக்கு மறு எண் கொடுத்தபோதுகூட ‘பழைய எண் 14, புதிய எண் 37’ என்று இரண்டையும் கதவில் எழுதிவைத்தார்கள். தபால்காரர் இன்னமும் அதை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கிறார். ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய ஒரு சட்டத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ‘சங்கலன்’ என்று ஒரு செயலி விட்டது, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. வக்கீல்கள் போனில் வைத்திருக்கிறார்கள், எனக்கும் உதவுகிறது. கையில் சம்மனோடு வந்து நிற்கிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சரி, பெயருக்கு வருகிறேன்.

தன் பணத்தை ஏமாற்றிய ஆள் மீது வழக்குப் பதிய உத்தரவிடச் சொல்லி, ஒரு பெரியவர் தானே கைப்படத் தமிழில் மனு எழுதிக்கொண்டு வந்தார். ‘இந்திய நீதிச் சட்டம் (2023-ன் 45ஆம் சட்டம்), பிரிவு 318(4)’ என்று எழுதியிருந்தார். அதை அப்படியே அடித்துக் கொடுத்தேன். தாக்கல் செய்த இடத்தில் ‘சட்டத்தின் பெயர் சரியில்லை’ என்று ரிட்டர்ன் போட்டுவிட்டார்கள். எந்த நீதிமன்றம் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த ஊழியர் மேல் குறையும் இல்லை. அவர் கையில் இருக்கிற சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு பெயர் இல்லைதான். ஆண்டும் எண்ணும் சரி, பிரிவும் சரி, நடந்ததும் அதே குற்றம்தான். மறுபடி ‘பாரதிய நியாய சன்ஹிதா’ என்று திருத்தி அடித்துக் கொடுத்தேன். பெரியவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது நான் எழுதினதுதானாம்மா?” என்று கேட்டார்.

எழுத்துக்கூட்டுவதிலும் ஒரு கூத்து. சன்ஹிதா, சம்ஹிதா, சங்கிதா, சன்ஹிதை, சுரக்ஷா, சுரக்சா. எஃப்.ஐ.ஆரில் ஒன்று, பேப்பரில் ஒன்று, நீதிமன்ற உத்தரவில் இன்னொன்று. ஒரு பெயரைப் போட்டுத் தேடினால் மற்றது வராது. இ.த.ச. என்றால் எந்தக் கிராமத்து ஸ்டேஷனிலும் ஒரே எழுத்து, ஒரே பொருள்.

பெயர்களைப் பற்றி அப்போதே எதிர்ப்பு வந்தது. ஆங்கிலத்தில் இருக்கிற சட்டத்துக்கு இந்திப் பெயர் வைப்பது, சட்டங்களின் அதிகாரப்பூர்வ வாசகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்கிற அரசியலமைப்பின் 348ஆவது பிரிவுக்கு ஒத்துவருமா என்று கேட்டார்கள். சட்டத்தின் வாசகம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, அதனால் மீறல் இல்லை என்ற உள்துறையின் பதிலை நாடாளுமன்ற நிலைக்குழு 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதமே மக்களவையிலும் மாநிலங்களவையிலும் நிறைவேறின. அப்போது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டவர்கள் இடைநீக்கத்தில் வெளியே இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே 2024 ஜனவரியில், தான் பழைய பெயர்களையே சொல்லப் போவதாக நீதிமன்றத்தில் சொன்னார். நீதிபதி சொன்னால் நடக்கும். எங்கள் பெரியவர் எழுதினால் ரிட்டர்ன்.

இதை இந்தி எதிர்ப்பு மடல் என்று மடித்து வைத்துவிட வேண்டாம். பீகாரில் என்னைப் போலவே தட்டச்சு செய்து பிழைப்பவருக்கும் 144 மாறித்தான் போயிருக்கிறது. ஆனால் அவருக்குப் பெயராவது வாயில் நுழையும். எங்களுக்கு இரண்டும் போனது. தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி ஒரு திருத்த மசோதா நிறைவேற்றியது. அதன் தலைப்பிலும் அதே பெயரைத்தான் போட வேண்டியிருந்தது.

சனங்கள் சட்டத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாதவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் 1982-ல் வந்த ஒரு தடுப்புக்காவல் சட்டம் இருக்கிறது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், மணல் கடத்துவோர், குடிசைப்பகுதி அபகரிப்போர், வீடியோ திருடர்கள் என்று யார் யாரையோ சேர்த்துச் சேர்த்து அதன் பெயர் அரைப் பக்கம் வரும். ஊர் அதைக் ‘குண்டாஸ்’ என்று முடித்துவிட்டது. அதிகாரப்பூர்வமான காவல் ஆணைகளிலேயே ‘தமிழ்நாடு சட்டம் 14/1982’ என்று சுருக்கித்தான் குறிப்பிடுகிறார்கள். யாரும் ரிட்டர்ன் போடுவதில்லை. தீண்டாமை வழக்குகளை ‘பி.சி.ஆர். கேஸ்’ என்கிறார்கள், அது 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயர், வழக்கு நடப்பதோ 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில். பெயர் தப்பு, ஆனால் எதைச் சொல்கிறார்கள் என்று ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும். 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு 2009-ல் மகாத்மா காந்தி பெயர் வந்தது. எங்கள் பக்கம் அன்றும் இன்றும் ‘நூறு நாள் வேலை’தான். 2025 டிசம்பரில் அதையும் மாற்றி, முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஜி ராம் ஜி’ என்று வரும்படி ஒரு பெயரைத் தைத்து, நாளை 125 ஆக்கினீர்கள். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அந்தப் பெயரில் தெரிய வேண்டிய ஒரே விஷயம் எத்தனை நாள் என்பது. அது அதில் இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருக்கிறது. விமானச் சட்டம் பாரதிய வாயுயான் அதினியம் ஆகிவிட்டது. வக்ஃப் சட்டம் முதலெழுத்தில் ‘உமீத்’ ஆகியிருக்கிறது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற சட்டத்துக்கு நாரி சக்தி வந்தன் அதினியம். மசோதாவாக இருந்தபோது அது அரசியலமைப்பின் 128ஆவது திருத்தம், சட்டமானபோது 106ஆவது. ஜி.எஸ்.டி. 122-ல் தொடங்கி 101-ல் முடிந்தது. நிறைவேறாத மசோதாக்களுக்கும் வரிசையில் எண் உண்டு, சட்டத்துக்கு வேறு வரிசை என்று எனக்கு ஒரு வக்கீல் விளக்கினார். செய்தியில் ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு அரசிதழில் இன்னொன்றைத் தேடுகிறவருக்கு யார் விளக்குவார்கள்?

இதையெல்லாம் சரிசெய்யப் புதிதாகச் சட்டம் போட வேண்டும் என்பதுகூட இல்லை. 1897-ன் பொது வாசகங்கள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒரு சட்டத்தை அதன் பெயராலோ அல்லது எண்ணாலும் ஆண்டாலுமோ குறிப்பிடலாம் என்கிறது. ‘2023-ன் 45ஆம் சட்டம்’ என்று எழுதினால் போதும். (இந்திய தண்டனைச் சட்டமும் 1860-ன் 45ஆம் சட்டம்தான். ஒப்புதல் கிடைக்கிற வரிசையில் விழுந்த எண். மாறாமல் நின்றது இந்த 45 ஒன்றுதான்.) 1973-ல் வந்த மத்தியச் சட்டங்களின் அதிகாரப்பூர்வ வாசகங்கள் சட்டம், மாநில மொழியில் மொழிபெயர்த்துக் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தில் அரசிதழில் வெளியிட்டால் அதுவே அந்த மொழியில் செல்லுபடியான வாசகம் என்கிறது. கதவு ஐம்பது வருடமாகத் திறந்துதான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பவை இவை.

இந்த மூன்று சட்டங்களுக்கும் அதிகாரப்பூர்வமான தமிழ் வாசகத்தில் தமிழிலேயே ஒரு பெயர் வையுங்கள். ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல். மற்ற மாநில மொழிகளுக்கும் அப்படியே. அந்தப் பெயராலும் சட்டத்தைக் குறிப்பிடலாம் என்று ஒவ்வொரு சட்டத்தின் முதல் பிரிவிலும் ஒரு வரி சேருங்கள். அது வரும் வரைக்கும், எண்ணையும் ஆண்டையும் சரியாகப் போட்ட மனுவைப் பெயருக்காகத் திருப்ப வேண்டாம் என்று 28ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி உயர் நீதிமன்றங்களுக்கு எழுதுங்கள். கீழே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள், நினைவூட்ட வேண்டியவர்கள் நீங்கள்.

சட்டங்களை வெளியிட உங்கள் பொறுப்பில் இருக்கிற ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் புதிய பிரிவு ஒவ்வொன்றின் தலையிலும் பழைய எண்ணை அச்சிடுங்கள். எஃப்.ஐ.ஆர்., கைது அறிவிப்பு, சம்மன், குற்றப்பத்திரிகை நகல் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கைக்கோ புகார் கொடுத்தவர் கைக்கோ போகிற தாள் எதுவானாலும் புதிய எண், பழைய எண், குற்றத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும் என்று உள்துறையோடு பேசிப் படிவங்களைத் திருத்துங்கள். பழைய வழக்குகள் முடிகிற வரைக்குமாவது இது வேண்டும்.

இனி எந்தச் சட்டத்தை மாற்றினாலும், நடைமுறையில் இருந்த ஒரு பிரிவு எண்ணை வேறொரு விஷயத்துக்குக் கொடுக்காதீர்கள். தேவையானால் காலியாக விடுங்கள். இ.த.ச. 161-ஐ விட்ட மாதிரி. மசோதாவை முப்பது நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் உங்கள் துறையே ஒரு கொள்கை வெளியிட்டது. அந்த முப்பது நாளில் மசோதாவின் பெயரையும், பழைய எண்–புதிய எண் பட்டியலையும் சேர்த்து வையுங்கள், எல்லா மாநில மொழியிலும்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, முடியாதென்றால் எந்த விதி தடுக்கிறது என்று எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் தமிழில் வந்தால் நல்லது, ஆங்கிலமானாலும் பரவாயில்லை. கடையில் ஒட்டி வைக்கிறேன்; மனு எழுத வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்பவள்